பாட்டனார் பிறந்த இடம்: தீவக முஸ்லிம்களின் குடும்ப வரலாற்றை யார் தேடுவது?

சென்ற தவணையில் ஒன்பதாம் தர மாணவர்களுக்கு ஒரு சிறிய செயற்பாடு கொடுத்தேன். வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேட்டு, தங்கள் குடும்ப மரத்தை ஒரு தாளில் வரைந்து வரவேண்டும். வரலாற்றுப் பாடத்தில் அரசர்களின் வம்சாவளியை மனப்பாடம் செய்யும் பிள்ளைகள் தங்கள் வீட்டு வம்சாவளியையும் கொஞ்சம் பார்க்கட்டுமே என்பதுதான் என் எண்ணம்.

ஒரு தமிழ் மாணவி தன் அப்பம்மாவின் கல்வெட்டைக் கையோடு கொண்டுவந்தாள். யாழ்ப்பாணத்துக்கு வெளியே இதை வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: இங்கே ஒருவர் இறந்தால் 31ஆம் நாள் கிரியையின்போது உறவினருக்குக் கொடுக்கும் சிறு நினைவு நூலுக்கும் கல்வெட்டு என்றுதான் பெயர். இறந்தவரின் படம், வாழ்க்கைக் குறிப்பு, இரங்கற்பாக்கள், கடைசிப் பக்கங்களில் வம்சாவளி. அந்தப் பிள்ளை அதைப் பார்த்து ஆறு தலைமுறையை வரைந்திருந்தாள். புங்குடுதீவில் பிறந்தவர் யார், மலாயாவுக்குப் போனவர் யார், கனடாவில் இருப்பவர் யார் எல்லாம் அதில் இருந்தது.

எங்கள் சோனகதெரு மாணவன் ஒருவனின் தாளில் நான்கு பெயர்கள்தான் இருந்தன. “ரீச்சர், வாப்பாட வாப்பாவுக்கு மேல ஒண்டும் இல்ல. வாப்பாவுக்கும் தெரியாதாம்” என்றான். நான் அவனை ஏசவில்லை. சில வருடங்களுக்கு முன்புவரை என் தாளும் அப்படித்தான் இருந்திருக்கும்.

அவனிடம் ஒன்று மட்டும் சொன்னேன்: “உன் பிறப்புச் சான்றிதழை நாளைக்குக் கொண்டு வா.”

நம்மில் பலர் பிறப்புச் சான்றிதழைப் பாடசாலை அனுமதிக்கும் அடையாள அட்டைக்கும் கடவுச்சீட்டுக்கும் தவிர வேறெதற்கும் எடுப்பதில்லை. அதில் பெயர், திகதி, தாய் தந்தை விபரங்களுக்குக் கீழே ஒரு கூடு இருக்கிறது. பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவரது முழுப்பெயர், பிறந்த வருடம், பிறந்த இடம் என்று கேட்கும். அதற்கடுத்த கூடு, தந்தை இலங்கையில் பிறக்காதிருந்தால் பூட்டனாரின் விபரத்தைக் கேட்கும். ஒரு குழந்தையின் பிறப்பைப் பதியப் போன இடத்தில் அரசாங்கம் ஏன் பூட்டன் வரைக்கும் விசாரிக்கிறது? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வம்சாவளியை அடிப்படையாகக் கொண்டது. நாட்டில் பிறந்தால் மட்டும் போதாது. தந்தை இங்கு பிறந்திருக்க வேண்டும், இல்லையேல் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருக்க வேண்டும். மலையகத் தமிழரின் வாழ்வைக் குலைத்த சட்டம் அது. அதன் தடயம்தான் நம் ஒவ்வொருவரின் சான்றிதழிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கெட்ட நோக்கத்தில் உண்டான அந்தக் கேள்வி, இன்று குடும்ப வரலாறு தேடுகிறவருக்கு முதல் கதவாக இருப்பது விசித்திரம்தான்.

என் வாப்பாவின் பிறப்புச் சான்றிதழில் அந்தக் கூட்டில் எழுதியிருந்த ஊர் நயினாதீவு.

நான் சோனகதெருவில் பிறந்தவள். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி எனக்குப் பத்து வயது. விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்து எல்லோரையும் ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு அழைத்தார்கள். இரண்டு மணி நேரத்தில் ஊரை விட்டுப் போகச் சொன்னார்கள். வடமாகாணம் முழுவதிலும் அந்த மாதத்தில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர். அந்தக் கதை வாசகர்களுக்குத் தெரியும். வருடா வருடம் ஒக்டோபரில் பேசுகிறோம். நான் சொல்ல வருவது அதன் ஒரு சிறு பகுதியை மட்டும்தான். அன்று நாம் இழந்தவற்றின் பட்டியலில் வீடு, கடை, நகை, லொறி எல்லாம் உண்டு. அலுமாரியின் மேல்தட்டில் தகரப் பெட்டிக்குள் இருந்த கடதாசிகளை யாரும் பெரிதாகப் பட்டியலிடவில்லை. உறுதிகள், நிக்காஹ் பதிவின் பிரதிகள், பாடசாலை விடுகைப் பத்திரங்கள், ஹஜ்ஜுக்குப் போனவரின் பழைய கடவுச்சீட்டு, பிள்ளைகளின் பிறந்த நாளைக் குறித்து வைத்த கிதாபு. உயிரோடு போய்ச்சேர வேண்டும் என்ற அவதியில் கடதாசியை யார் நினைத்தார்கள்?

பின்னர் புத்தளத்தில் முகாமிலும் குடியேற்றத்திலும் வளர்ந்தோம். நான் ஆசிரியர் கலாசாலைக்குப் போய்ப் பயிற்சி முடித்து, நியமனம் பெற்று, கலியாணம் முடித்து யாழ்ப்பாணம் திரும்பிய பிறகு ஒரு காணி விடயமாக ஓர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் கோப்பை மூடிக்கொண்டே, “நீங்கள் புத்தளம் ஆக்கள்தானே?” என்றார். என்னிடம் பதில் இருந்தது. கையில் ஆதாரம் இருக்கவில்லை. அன்றுதான் இந்தத் தேடல் தொடங்கியது.

யாழ்ப்பாண முஸ்லிம் என்றவுடன் எல்லோருக்கும் நினைவு வருவது சோனகதெருவும் நாவாந்துறையும்தான். தீவகத்தில் நம்மவர் வாழ்ந்ததே இளைய தலைமுறைக்குத் தெரியாது. நயினாதீவு என்றால் நாகபூசணி அம்மன் கோவில், நாகவிகாரை என்று இரண்டைச் சொல்வார்கள். அங்கே பள்ளிவாசலும் முஸ்லிம் குடும்பங்களும் இருந்ததைச் சொல்பவர் குறைவு.

தீவகம் என்பது ஒதுங்கிக் கிடந்த மூலை அல்ல. ஒரு காலத்தில் அதுதான் வாசல். நயினாதீவு அம்மன் கோவிலில் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதை வாசித்து வெளியிட்டார். ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் பிறநாட்டு வணிகருக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது அது. யானை, குதிரை ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உரியவனுக்கு. வேறு சரக்கு ஏற்றிய கப்பலென்றால் பாதிக்குப் பாதி. கப்பல் உடைந்து கரையொதுங்கிய அந்நியனின் உரிமையைக் கல்லில் வெட்டி வைத்த ஊர் இது. போர்த்துக்கேயர் ஊர்காவற்றுறையை யானைத் துறை என்ற பொருளில் அழைத்தார்கள். கேற்ஸ் என்ற பெயர் அதன் மிச்சம். ஒல்லாந்தர் தங்கள் ஊர்ப் பெயர்களையே சூட்டினார்கள்: நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட், நயினாதீவுக்கு ஹார்லெம், வேலணைக்கு லைடன், புங்குடுதீவுக்கு மிடில்பேர்க். டெல்ஃப்ட் மட்டும் இன்றுவரை ஒட்டிக்கொண்டது.

இப்படிப்பட்ட இடத்தில் கீழக்கரை, காயல்பட்டினம் பக்கத்திலிருந்து தோணியில் வந்த வியாபாரி ஒருவர் தங்கி, பெண்ணெடுத்து, குடியாவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? வந்தவர்கள் போலவே போனவர்களும் உண்டு. தீவுகளில் நல்ல தண்ணீரும் விளைநிலமும் குறைவு. நெடுந்தீவார் வன்னியின் குடியேற்றங்களுக்குப் போனார்கள். புங்குடுதீவார் கொழும்பிலும் தென்னிலங்கையிலும் கடை வைத்தார்கள். வேலணை, காரைநகர் இளைஞர்கள் மலாயாவில் உத்தியோகம் பார்த்துப் பென்சனோடு திரும்பினார்கள். யுத்தம் வந்தபின் எல்லோருமே போனார்கள். தீவகத் தமிழ்க் கிராமங்களில் இன்றும் கூரையில்லாத கல்வீடுகள் வரிசையாக நிற்கின்றன. நம் குடும்பங்கள் தீவிலிருந்து சோனகதெருவுக்கு வந்ததும் அந்த நீண்ட அசைவின் ஒரு கிளைதான். 1990 நம் வரலாற்றின் பெருங்காயம். ஆனால் நம் வரலாறு 1990இல் தொடங்கவில்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம், “அகதி” என்ற ஒரே அத்தியாயத்தை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி, அதற்கு முந்திய நூற்றாண்டுகளை நாமே அழித்துக்கொண்டிருக்கிறோம்.

இனி, இந்த வேலையை யார் செய்கிறார்கள் என்று பார்ப்போம்.

இலங்கையில் குடும்ப வரலாற்றை ஒழுங்காகத் தேடிப் பதிந்த சமூகம் என்றால் பறங்கியரைச் சொல்லவேண்டும். 1908இல் உருவான டச்சு பேர்கர் யூனியன் தன் சஞ்சிகையில் குடும்பம் குடும்பமாக வம்சாவளிகளை அச்சிட்டது. சம்பளத்துக்கு ஆள் வைத்து அல்ல. தேவாலயப் பதிவேடுகளை உட்கார்ந்து பிரதி செய்த ஆர்வலர்களால். பிற்காலத்தில் அந்தச் சமூகத்தில் பெரும்பகுதி அவுஸ்திரேலியாவுக்குப் போனபோது அந்தப் பக்கங்கள்தான் அவர்களுக்கு மிஞ்சின.

தமிழ்ப் பரப்பில் நமக்குப் பக்கத்திலேயே நடக்கும் முயற்சி நூலகம் நிறுவனம். 2005இல் ஒருசில தன்னார்வலர்கள் தொடங்கியது. 1981இல் யாழ் பொதுநூலகம் சுமார் 97,000 நூல்களோடு எரிந்ததை அறிந்த தலைமுறைக்கு, ஒரே பிரதியை ஒரே கட்டடத்தில் வைத்திருப்பதன் ஆபத்தை விளக்கத் தேவையில்லை. புத்தகம், சஞ்சிகை, பாடசாலை மலர், ஊர் மலர், நான் மேலே சொன்ன கல்வெட்டு நூல்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, இலக்கமிட்டு, எவரும் இலவசமாகப் பார்க்கும்படி இணையத்தில் வைக்கிறார்கள். முஸ்லிம்கள் தொடர்பான ஆவணங்களுக்கும் அங்கே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரு தீவின் பெயரை இட்டுத் தேடிப் பாருங்கள். ஒரு பாடசாலையின் பழைய மலரில் உங்கள் பெரியப்பாவின் வகுப்புப் படம் கிடைத்தாலும் கிடைக்கும்.

வடபுல முஸ்லிம்களைப் பொறுத்தவரை எருக்கலம்பிட்டியில் பிறந்த பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ்வை மறக்க முடியாது. பேராதனையில் புவியியல் கற்பித்தவர். இடம்பெயர்ந்த நம் மக்களின் இழப்புகளையும் வாழ்வையும் முகாம் முகாமாகத் திரட்டிப் பதிந்தவர். 2018இல் வபாத்தானார். வெளியேற்றம் பற்றிய மக்கள் ஆணைக்குழுவின் அறிக்கையும் 2011இல் வந்தது. இவை பெரிய வேலைகள். ஆனால் இவை வெளியேற்றத்தைப் பற்றியவை. குடும்பம், வேர், தீவு, தோணி, கலியாணத் தொடர்பு என்ற பக்கம் இன்னும் வெறுமையாகவே கிடக்கிறது. நமக்குக் கல்வெட்டு நூல் அச்சிடும் வழக்கம் இல்லை. மையவாடியில் பெயர் பொறித்த மீஸான் கல்லும் அநேகமாக இல்லை. ஆகவே மற்றவர்களுக்குத் தானாகவே சேரும் ஆதாரம் நமக்குச் சேர்வதில்லை. நாம் தேடித்தான் எடுக்கவேண்டும்.

எங்கே தேடுவது? என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

பிறப்புச் சான்றிதழில் தொடங்குங்கள். வாப்பாவினுடையது, முடிந்தால் பாட்டனாருடையது. நயினாதீவு இன்று வேலணைப் பிரதேச செயலகத்துக்குள் வருகிறது. ஊர்காவற்றுறைக்கும் நெடுந்தீவுக்கும் தனித்தனிச் செயலகங்கள் உண்டு. பதிவு இலக்கம் தெரியாவிட்டாலும், உத்தேச ஆண்டைக் குறிப்பிட்டுப் பதிவேட்டைத் தேடும்படி விண்ணப்பிக்கலாம். பெயரின் எழுத்துக்கூட்டலில் பிடிவாதம் பிடிக்காதீர்கள். முகம்மது, முஹம்மது, மொகமது என்று ஒரே மனிதர் மூன்று விதமாக இருப்பார். இனம் என்ற கூட்டையும் கவனியுங்கள். “இலங்கைச் சோனகர்” என்றா, “இந்தியச் சோனகர்” என்றா எழுதியிருக்கிறது? அந்த ஒரு சொல், குடும்பம் எப்போது கடல் தாண்டியது என்பதற்குக் குறிப்புத் தரும்.

அடுத்து நிக்காஹ் பதிவு. 1929ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமும், பின்னர் 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டமும் பதிவுக்கு ஒழுங்கு செய்தன. பதியாமல் விட்டாலும் நிக்காஹ் செல்லும் என்பதால், பழைய கலியாணங்களில் பல ஏட்டுக்கு வராமலே போயின. ஏட்டில் இருப்பவற்றிலும் ஒரு குறை உண்டு. மாப்பிள்ளையின் கையொப்பம் இருக்கும், வலியின் கையொப்பம் இருக்கும். பெண்ணின் கையொப்பம் இராது. குடும்ப வரலாறு தேடும் பெண்ணாக எனக்கு அது ஒவ்வொரு முறையும் உறுத்தும்.

என்னைப் போன்ற ஆசிரியர்களுக்குத் தெரிந்த இன்னொரு களஞ்சியம் பாடசாலைச் சேர்விடாப்பு. பிள்ளை, தந்தை, தந்தையின் தொழில், முகவரி, முன்பு படித்த பாடசாலை, விலகிய திகதி எல்லாம் ஒரே வரியில் கிடைக்கும். ஒரு குடும்பம் எந்த ஆண்டு தீவை விட்டு நகரத்துக்கு வந்தது என்பதைச் சேர்விடாப்பு சொன்னதுபோல எனக்கு வேறெதுவும் சொல்லவில்லை. சம்பவத்திரட்டுப் புத்தகமும் அப்படித்தான். புயல், கொள்ளைநோய், படகு ஓடாத நாள் எல்லாம் அதிபரின் கையெழுத்தில் இருக்கும். அதிபர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பழைய இடாப்புகள் கறையானுக்குப் போகுமுன் படமாவது எடுத்து வையுங்கள்.

எல்லாவற்றிலும் பேசும் கடதாசி காணி உறுதிதான். யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு துண்டுக் காணிக்கும் ஒரு பெயர் உண்டு. எத்தனை பரப்பு, யாரிடமிருந்து யாருக்கு, எந்த நொத்தாரிசு முன்னிலையில் என்பதோடு நான்கு எல்லையிலும் யார் யார் காணி என்பதும் எழுதியிருக்கும். எங்கள் குடும்பத்தின் நயினாதீவுக் காணி உறுதியின் பிரதி ஒன்று, வாப்பாவின் சாச்சா வழி உறவொருவர் கொழும்பில் பாதுகாத்த கோப்பில் கிடைத்தது. கிழக்கு எல்லையில் ஒரு தமிழ்ப் பெயர். தெற்கில் இன்னொரு தமிழ்ப் பெயர். மேற்கில் பள்ளிவாசல் காணி. வடக்கில் கடற்கரை. நாங்கள் யாரோடு வேலி பகிர்ந்து வாழ்ந்தோம் என்பதை ஒரு நொத்தாரிசு நமக்காக எழுதி வைத்திருக்கிறார்! அந்தத் தமிழ்க் குடும்பத்தின் பேரன் ஒருவரை ஊரில் விசாரித்துக் கண்டுபிடித்தபோது, அவர் தன் வீட்டு உறுதியை எடுத்துக் காட்டினார். அதில் மேற்கு எல்லையாக எங்கள் பூட்டனாரின் பெயர் இருந்தது. அலுவலகத்தில் அன்று என்னிடம் இல்லாத ஆதாரம், அயலவர் வீட்டு அலுமாரியில் இத்தனை காலமும் இருந்திருக்கிறது.

எங்கள் உறுதி, என் வாப்பும்மாவுக்குச் சீதனமாக எழுதப்பட்டது. கடைசிப் பக்கத்தில் சாட்சிகளின் கையொப்பங்களுக்கு மேலே ஒரு கையெழுத்து அரபு எழுத்தில் இருந்தது. முதலில் ஏதோ துஆ என்று நினைத்தேன். எழுத்துக்கூட்டிப் பார்த்தால் தமிழ். வாப்பும்மாவின் பெயர், அரபுத்தமிழில். நிக்காஹ் ஏட்டில் கையொப்பமிட இடமில்லாத பெண், காணி உறுதியில் தன் பெயரைத் தன் கையால் எழுதியிருக்கிறார். ஓதும்பள்ளியில் படித்த அந்தத் தலைமுறைப் பெண்களை எழுத்தறிவில்லாதவர்கள் என்று நாம் எவ்வளவு இலேசாகச் சொல்லிவிடுகிறோம்.

இந்த வேலைக்குக் கட்டடமோ நிதியோ முதலில் தேவையில்லை. ஒரு மடிக்கணினி, ஒரு ஸ்கேனர், அதுவும் இல்லையென்றால் நல்ல கைபேசி, மாதத்தில் ஒரு நாள் பள்ளிவாசல் மண்டபமோ பாடசாலை அறையோ போதும். ஆட்கள் கடதாசியைக் கொண்டு வரட்டும். அவர்கள் கண் முன்னாலேயே ஸ்கேன் செய்து, மூலத்தை அப்போதே திருப்பிக் கொடுங்கள். ஒருபோதும் மூலத்தை வாங்கி வைக்காதீர்கள். நம் மக்களிடம் எஞ்சியிருப்பதே கொஞ்சம். அதையும் இன்னொருவர் கையில் கொடுக்கத் தயங்குவது நியாயம்தான். முதியவர் பேசும்போது குரலைப் பதியுங்கள். பேசியவர் பெயர், திகதி, இடம் மூன்றையும் பதிவின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். நாங்கள் முதலில் பதிந்த இரண்டு மணி நேரத்தில் யார் பேசுகிறார் என்பதே இப்போது எங்களுக்குள் தகராறு.

எச்சரிக்கையும் வேண்டும். உயிரோடிருப்பவரின் அடையாள அட்டை இலக்கம், தலாக் விடயங்கள், காணி வழக்கு இவற்றைப் பொதுவில் போடக்கூடாது. குடும்பத்துக்குள் வைத்திருக்க வேண்டியதும் உண்டு. சில வீடுகளில், “இதையெல்லாம் கிளறினா காணிச் சண்டதான் வரும்” என்று கதவைச் சாத்தினார்கள். அவர்கள் பயத்திலும் உண்மை இருக்கிறது. வற்புறுத்தாமல் வந்துவிட்டோம். ஆறு மாதம் கழித்து அவர்களில் ஒருவர் தானாகவே ஒரு பையோடு வந்தார்.

இப்போது என் முன்னால் இருப்பது ஒரு குறிப்புப் புத்தகம். வாப்பாவின் மூத்த சகோதரி, என் மாமி, 1990இல் கிதாபு ஒன்றின் நடுவில் செருகி எடுத்துவந்தது. புத்தளத்தில் இத்தனை வருடமும் அவரது தலையணைக்குக் கீழே இருந்திருக்கிறது. யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. முழுவதும் அரபுத்தமிழ். பிள்ளைகள் பிறந்த பிறை, மௌத்தானவர்கள், ஒரு தோணி விற்ற கணக்கு, ஊர்காவற்றுறைக்குப் போனவரிடம் கொடுத்துவிட்ட காசு. எனக்கு எழுத்து வாசிக்க வரும்; பழைய சொற்கள் பிடிபடாது. மாமிக்குச் சொற்கள் தெரியும், கண் தெரியாது. ஆகவே நான் எழுத்துக்கூட்டி வாசிக்க, அவர், “அது இல்ல மகள், திருப்பி வாசி” என்று திருத்த, பள்ளிக்கூட விடுமுறைகளில் புத்தளம் போய் இரண்டு பேருமாகப் படித்துக்கொண்டிருக்கிறோம்.

இதுவரை 14 பக்கங்கள் முடிந்திருக்கின்றன. 61 பக்கங்கள் மீதி. மாமிக்கு வயது 84.

அந்த மாணவன் பிறப்புச் சான்றிதழைக் கொண்டுவந்தான். பாட்டனார் பிறந்த இடம் என்ற கூட்டில் ஊர்காவற்றுறை என்று இருந்தது. தாளை வாங்கி, நான்காவது பெயருக்குப் பக்கத்தில் ஊரை எழுதிக்கொண்டு, “ரீச்சர், அங்க போக எத்தின மணிக்கு பஸ்?” என்று கேட்டான்.